அண்ணனுக்குக் குடியை நிறுத்தணும்: கேஎல்-ல (கோலாலம்பூர்ல) கூட்டம் எங்கே நடக்குது, எப்படிப் போறது?

செந்தூல்_தம்பி | 11 பிப்ரவரி, இரவு 11:20

வணக்கம். இங்கே வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவை.

எங்க அண்ணன் லோரி ஓட்டுறவர், நாற்பத்தஞ்சு வயசு. முன்னெல்லாம் வேலை முடிஞ்சு வந்து ரெண்டு டின் பீரோட தூங்கிடுவாரு. இப்போ விடிஞ்சதும் கை நடுங்குது. கொஞ்சம் சம்சு (மலிவுச் சாராயம்) உள்ள போனாத்தான் சட்டைப் பொத்தானையே போட முடியுது. ஒவ்வொரு வருஷமும் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடம் எடுப்பாரு, அந்த 48 நாளும் தொட மாட்டாரு. இந்த வருஷம் விரதத்தை ஆரம்பிக்கவே முடியல. அதுதான் அவரைப் போட்டு அறுத்துக்கிட்டு இருக்கு. நேத்து ராத்திரி அவரே வாயைத் திறந்து, "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா"ன்னு கேட்டாரு. இதுக்கு முன்னாடி அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

குடியை நிறுத்த நினைக்கிறவங்க கூடுற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம்னு ஒண்ணு இருக்குன்னு தெரியும். மத்தபடி ஒண்ணும் தெரியாது. கேஎல்-ல எங்க நடக்குது? பணம் கட்டணுமா? பேர் எழுதிக் குடுக்கணுமா? சர்ச்ல நடக்குதுங்கிறாங்களே, மதம் மாத்துவாங்களோன்னு அம்மா பயப்படுறாங்க. அண்ணனுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. நாங்க இருக்கிற செந்தூல்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், யாராச்சும் பார்த்துட்டா அண்ணி காதுக்கு நான் சொல்றதுக்கு முன்னாடி ஊரே சொல்லிடும்.

திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு சொட்டு கூட கிடையாதுன்னு அண்ணன் சொல்றாரு. அதுக்குள்ள ஒரு இடம் கண்டுபிடிக்கணும்.

---

ராத்திரி_ஷிப்ட் | 12 பிப்ரவரி, காலை 6:05

தம்பி, கூட்டத்தைப் பத்தி மத்தவங்க சொல்லுவாங்க. நான் ஆஸ்பத்திரியில மிஸி, அதாவது நர்ஸ். அந்தத் திங்கட்கிழமையைப் பத்தித்தான் எனக்குக் கவலை.

காலையில நடுக்கம், குடிச்சா நிக்குது. இதுக்கு அர்த்தம், உடம்பு சாராயத்தை நம்பியே ஓட ஆரம்பிச்சிருச்சு. இந்த நிலையில ஒரே அடியா நிறுத்தினா, கடைசியாக் குடிச்ச ஆறு மணி நேரத்துலேர்ந்தே நடுக்கம், வேர்வை, வாந்தி எல்லாம் கிளம்பும். ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு நாளைத் தாண்டி நாலாவது நாள் வரைக்கும் சிலருக்கு ஆளு தெரியாம உளறல், சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்தல், காய்ச்சல், நெஞ்சு படபடப்பு. வைத்தியம் பார்க்கலேன்னா இதுல உயிரே போகும். பேய் புடிச்சிருக்குன்னு சாமியாடிக்கிட்ட ஒரு நாளை வீணாக்கிட்டு எங்ககிட்ட தூக்கிட்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கேன்.

அதனால திங்கட்கிழமை காலையில அண்ணனைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்குக்கு) கூட்டிட்டுப் போங்க. குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். எவ்வளவு குடிக்கிறார்னு உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க. பாதியாக் குறைச்சுச் சொல்றதுதான் நம்ம ஆளுங்க வழக்கம், அப்புறம் மருந்து அளவும் தப்பாப் போகும். உலக சுகாதார நிறுவனம் தயாரிச்ச பத்துக் கேள்வி ஒண்ணு இருக்கு, மொத்தம் 40 புள்ளி. 8 வந்தாலே கவனிக்கணும்னு அர்த்தம். 20-க்கு மேலன்னா உடம்பு அடிமையாயிருக்க வாய்ப்பு அதிகம். தேவைன்னா பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குச் சூராட் (கடிதம்) எழுதித் தருவாங்க, அங்க நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. டயஸெபம் மாதிரி மாத்திரையைக் குடுத்து நாளுக்கு நாள் குறைப்பாங்க, கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1. தயமின் சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க. அது குறைஞ்சா மூளை பாதிச்சு நடை தள்ளாடும், ஞாபகம் போகும்.

டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் அவரா பட்டுன்னு நிறுத்த வேணாம். லோரி சாவியையும் வாங்கி வச்சிக்கிங்க.

---

செந்தூல்_தம்பி | 12 பிப்ரவரி, காலை 7:40

நன்றி மிஸி. இப்படி ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. விரதத்துக்கு நிறுத்தும்போது ஒண்ணும் ஆகலையேன்னு நினைச்சேன்.

டாக்டர்கிட்ட குடின்னு பதிஞ்சா ஜிடிஎல் (சரக்கு வண்டி ஓட்டுற) லைசென்ஸ் போயிடும்னு அண்ணன் பயப்படுறாரு.

---

ராத்திரி_ஷிப்ட் | 12 பிப்ரவரி, காலை 7:58

அப்போ அவர் ராத்திரி மட்டும் குடிச்சாரு, இப்போ காலையிலயும் குடிக்கிறாரு. ரெண்டும் வேற உடம்பு. அதோட, ஒவ்வொரு தடவை நிறுத்தி ஆரம்பிக்கும்போதும் அடுத்த தடவை நிறுத்துறது இன்னும் கடுமையா இருக்கலாம்.

லைசென்ஸ் போறது ரோட் பிளாக்ல. 2020 அக்டோபர்லேர்ந்து சட்டம் மாறிடுச்சு. நூறு மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம்னு இருந்த வரம்பு 50 ஆயிடுச்சு. முதல் தடவை மாட்டினாலே பத்தாயிரத்துக்குக் குறையாத அபராதம், ஜெயிலும் உண்டு. காலையில ஊத்திட்டு லோரி ஏறுறவர் பயப்பட வேண்டியது அதுக்கு. கிளினிக்குல சொல்றது ரகசியம்.

---

காப்பி_ஓ_கோசோங் | 12 பிப்ரவரி, மதியம் 1:15

தம்பி, நான் கேஎல்-ல ஏஏ-வுக்குப் போறவன். நிறுத்திச் சில வருஷமாச்சு. மிஸி சொன்னதுதான் முதல் வேலை, கூட்டம் அதுக்கப்புறம். கூட்டத்துல டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது.

உங்க கேள்விக்கு வரேன். ஏஏ மலேசியாவுக்கு இணையதளம் இருக்கு. அதுல கூட்டப் பட்டியலும் கூப்பிட வேண்டிய நம்பரும் போட்டிருப்பாங்க. பட்டியலைப் பார்த்துட்டு நேரா கிளம்பிடாதீங்க. அறை மாறும், நேரம் மாறும், பொது விடுமுறைன்னா நடக்காமலும் போகும். ஒரு போன் போட்டுட்டுப் போங்க. எடுக்கிறவரும் குடிச்சு எழுந்த ஒருத்தராத்தான் இருப்பாரு, ஆபீஸ் கிளார்க் இல்லை. அண்ணனே பேசினா இன்னும் நல்லது. நீங்க நம்பரை அமுக்கிக் கையில குடுங்க போதும்.

பணம் கிடையாது, பதிவும் கிடையாது. கடைசியில ஒரு பை சுத்தி வரும், வாடகைக்கும் காப்பிக்கும். புதுசா வரவங்க போட வேண்டியதில்லை. வெளியாள் யாராச்சும் ஆயிரம் வெள்ளி தரேன்னு வந்தாலும் ஏஏ வாங்காது, உறுப்பினர் போடுறதுலதான் ஓடணும்னு விதி. உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான்: குடியை நிறுத்தணும்கிற ஆசை. நிறுத்தியிருக்கணும்னு கூட இல்லை. முதல் நாள் நான் வாசனையோடதான் உட்கார்ந்திருந்தேன், யாரும் எழுந்து போகச் சொல்லல.

கூட்டத்துல ரெண்டு வகை இருக்கு. திறந்த கூட்டம்னா குடும்பத்தாரும் உட்காரலாம். மூடின கூட்டம்னா குடிப் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும். முதல் தடவை நீங்களும் கூடப் போறதுன்னா போன்ல கேட்டுத் திறந்த கூட்டமாப் பாருங்க.

உள்ள என்ன நடக்கும்? பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க் காப்பி, பிஸ்கட். ஒரு மணியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம். ஒருத்தர் ஆரம்பிச்சு வைப்பாரு, ஏதாவது வாசிப்பாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா தன் கதையைப் பேசுவாங்க. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் நடுவுல புகுந்து புத்தி சொல்லக் கூடாது. நம்ம வீட்டுல அண்ணன் மாதிரி ஆளுக்குக் கிடைக்காதது அதுதான். அவர் வாயைத் திறந்தாலே நாலு பேர் புத்தி சொல்ல ஆரம்பிச்சிருப்போம். பேச விருப்பமில்லேன்னா "இன்னிக்கு நான் கேட்கிறேன்"னு சொன்னாப் போதும், அடுத்த ஆளுக்குப் போயிடும்.

தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்களேங்கிறதுக்கு ஒரே வழி, தாமானை (குடியிருப்பை) விட்டு வெளிய போறது. செந்தூல்காரர் பிஜே (பெட்டாலிங் ஜெயா) பக்கம் போகட்டும், பிஜேகாரர் இந்தப் பக்கம் வரட்டும். எல்ஆர்டி ரயில் இருக்கே, மஸ்ஜித் ஜாமெக்ல மாறி கிளானா ஜெயா லைன் பிடிச்சா பிஜே. அப்படியும் ஒரு தெரிஞ்ச முகம் உள்ள இருந்தா, அவர் எதுக்கு வந்திருக்காருன்னு யோசிச்சுப் பாருங்க. நான் போன ரெண்டாவது கூட்டத்துல எங்க பழைய சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தாரு. எனக்கு வார்னிங் லெட்டர் குடுத்த அதே மனுஷன்.

இங்கிலீஷ் வராதுங்கிறதுக்காக நிக்க வேணாம். கேஎல்-ல நான் போற கூட்டம் பெரும்பாலும் இங்கிலீஷ்தான், ஆனா மலாயும் தமிழும் கலந்து பேசுறவங்க உண்டு. தமிழ்லயே பேசட்டும். புரியாதவங்க கூட உட்கார்ந்து கேட்பாங்க. முழுக்கத் தமிழ்ல வேணும்னா தமிழ்நாட்டு ஏஏ கூட்டங்கள் இணையத்துல நடக்குது. நம்ம நேரம் அவங்களுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க ராத்திரி ஏழுன்னா இங்க ஒன்பதரை.

சர்ச் விஷயம் பெரிசு, ராத்திரி எழுதுறேன். வேலைக்கு நேரமாச்சு.

---

பத்துமலை_படிக்கட்டு | 12 பிப்ரவரி, மாலை 5:30

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. நம்ம கிட்ட இல்லாத கூட்டமா? நம்ம பசங்களைக் குடியிலேர்ந்து காப்பாத்த முருகன் போதும். மாலை போட்டு விரதம் இருந்து எத்தனை பேர் திருந்தியிருக்காங்க. வெள்ளைக்காரன் புத்தகத்தை வச்சுக்கிட்டு சர்ச் அறையில உட்காருறதுக்கு, வெள்ளிக்கிழமை கோயில்ல போய் உட்காரலாமே. மதம் மாத்துற ஆளுங்க இந்த மாதிரி கஷ்டத்துல இருக்கிற குடும்பத்தைத்தான் தேடி வராங்க, அதையும் மறந்துடாதீங்க. தம்பியோட அம்மா பயப்படுறதுல நியாயம் இருக்கு.

---

காப்பி_ஓ_கோசோங் | 12 பிப்ரவரி, இரவு 10:10

அண்ணே, அம்மா பயப்படுறதுல நியாயம் இருக்குன்னு நானும் ஒத்துக்கிறேன். ஜெபம் பண்ணினா குடி போயிடும்னு வீட்டுக்கு வர ஆட்கள் இருக்காங்கதான். ஆனா அவங்க வேற, ஏஏ வேற.

ஏஏ சர்ச் அறையில நடக்கிறதுக்குக் காரணம் வாடகை. சாயங்காலத்துல காலியா இருக்கிற அறை, கொஞ்சப் பணத்துக்கு விடுவாங்க, பார்க்கிங் இருக்கும். பாதிரியார் வர மாட்டாரு. எந்த மதத்தோடயும் கட்சியோடயும் சேரக் கூடாதுங்கிறது அவங்க விதி. ஆரம்பிச்சது 1935-ல, அமெரிக்காவுல ஆக்ரன்கிற ஊர்ல, ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும். ரெண்டு பேருமே குடியால அழிஞ்சுக்கிட்டு இருந்தவங்க. குடியை விடுறதுக்கு அவங்க எழுதின 12 படிகள்ல கடவுள்னு வருது, மறைக்கல. ஆனா "நாம் புரிந்துகொண்ட விதத்தில்"னு சேர்த்துத்தான் வரும். நான் உட்கார்ற கூட்டத்துல பாக்கெட்ல திருநீறு மடிச்சு வச்சிருக்கிற ஆளும் இருக்காரு, சாமியே இல்லேங்கிற ஆளும் இருக்காரு. நீங்க சொல்ற முருகனை அங்கேயும் கூட்டிட்டுப் போகலாம்.

இப்போ விரதம். நானும் எடுத்தவன்தான், பல வருஷம். அதுல எனக்குத் தெரிஞ்ச கோளாறு ஒண்ணே ஒண்ணு: விரதத்துக்கு முடிவு தேதி இருக்கு. நாற்பதாவது நாள்லயே மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும், இன்னும் எட்டு நாள்தான், அப்புறம் ஒரு ஸ்டவுட் பீர். மாலையைக் கழட்டின ராத்திரியே எத்தனை காடிக்கு (காருக்கு) பின்னாடி பாட்டில் திறந்திருக்கோம், உங்களுக்கும் தெரியும். 48 நாள் என்னால முடியும்னு தெரிஞ்சதே எனக்குக் கெடுதலாப் போச்சு. "நான் நினைச்சா நிறுத்துவேன்"னு அடிச்சுச் சொல்ல அதுதான் சாட்சி. கூட்டத்துல முடிவு தேதியே கிடையாது. இன்னிக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான் கேட்கிறாங்க. நாளைக்கும் அதேதான்.

இன்னொண்ணும் கேட்கிறேன். கோயில்ல போய் உட்கார்ந்து, "நேத்து என் பொண்ணு ஸ்கூல் பீஸ்ல குடிச்சேன்"னு பத்து பேர் முன்னாடி சொல்ல முடியுமா? சொன்னா அடுத்த வாரம் என்ன ஆகும்? சில இடத்துல முனியாண்டிக்குப் படையல்லயே பாட்டில் இருக்கு. அந்தப் பாட்டிலை யாரு எடுத்துட்டுப் போறாங்கன்னும் நமக்குத் தெரியும்.

---

பத்துமலை_படிக்கட்டு | 12 பிப்ரவரி, இரவு 10:55

முனியாண்டியை இழுக்காதீங்க. அது வேற வழிபாடு.

முடிவு தேதி விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஆனாலும் கோயில் கமிட்டிகள் இதை எடுத்துச் செய்யணும்னுதான் நான் சொல்வேன். மண்டபம் நம்ம கிட்டயும் இருக்கு, கல்யாணத்துக்கு மட்டும்தான் வாடகைக்கு விடணும்னு இல்லை.

---

காப்பி_ஓ_கோசோங் | 12 பிப்ரவரி, இரவு 11:02

அதை நீங்க எடுத்துச் செஞ்சா முதல் நாற்காலி தூக்கிப் போட நான் வரேன்ணே. சீரியஸாச் சொல்றேன்.

---

பீடோங்_பேரன் | 13 பிப்ரவரி, காலை 9:20

கோயில், ஊர்னு பேச்சு வந்ததால ஒரு பழைய விஷயம். குடிக்கு எதிரா நம்ம ஆளுங்க கூட்டம் போட்டது புதுசு இல்லை. 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துல கேட்ட கோரிக்கைகள்ல கள்ளுக்கடையை மூடுங்கறதும் ஒண்ணு. 1947-ல் எங்க கெடாவுல தொண்டர் படைன்னு ஒண்ணு இருந்துச்சு. இளைஞர்கள் தோட்டம் தோட்டமாப் போய் கள்ளுக்கடை வாசல்ல மறியல் செஞ்சாங்க. பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்துல போலீஸோட மோதல் வரைக்கும் போச்சு. எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன்: கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளயே, குடுத்த சம்பளம் அங்கயே திரும்பிப் போயிடும்.

என்ன ஒண்ணு, தொண்டர் படை காலத்துல குடிக்கிறவனை அவமானப்படுத்தித் திருத்துற வழக்கமும் இருந்திருக்கு. அந்தப் பகுதியை இப்போ யாரும் திருப்பிக் கொண்டு வர வேணாம்னு தோணுது.

---

கிள்ளான்_மருமகள் | 13 பிப்ரவரி, மதியம் 2:45

மிஸிகிட்ட ஒரு கேள்வி. எங்க வீட்டுல என் வீட்டுக்காரர். அவர் கூட்டத்துக்கெல்லாம் வர ஆளு இல்லை, "எனக்கென்ன வியாதியா"ம்பாரு. பேஸ்புக்ல ஒரு பவுடர் விக்கிறாங்க, வாசனை இல்லையாம், சாம்பார்ல கலந்துட்டாத் தெரியாதாம், ஒரே மாசத்துல குடியை மறந்துடுவாராம். மாமியார் வாங்கிடலாம்ங்கிறாங்க. போடலாமா?

---

ராத்திரி_ஷிப்ட் | 13 பிப்ரவரி, இரவு 8:30

போடாதீங்க. தயவுசெஞ்சு.

அந்தப் பாக்கெட்ல என்ன இருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாம இருக்கலாம். குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காமப் பண்ற மருந்து நிஜமாவே இருக்கு, டைசல்பிரம்னு பேரு. அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, நெஞ்சு அடைக்கும். இதய நோய் இருக்கிறவருக்கு ஆபத்து. அதனாலதான் நோயாளிக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, ரத்தப் பரிசோதனை பார்த்துட்டுத்தான் டாக்டர் குடுப்பாங்க. தெரியாமக் கலந்துட்டு அவர் வழக்கம் போலப் போய்க் குடிச்சாருன்னா என்ன ஆகும்னு யோசிங்க. அதோட, ஒரு நாள் தெரிய வந்தா உங்க கையால ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டாரு.

குடிக்கிற ஆசையைக் குறைக்கிற மருந்தும் இருக்கு, நல்ட்ரெக்ஸோன். அதுவும் டாக்டர் வழியாத்தான்.

அவர் வரலேன்னா நீங்க போங்க. அல்-அனான்னு குடும்பத்தாருக்குன்னே ஒரு அமைப்பு, 1951-லேர்ந்து இருக்கு. ஏஏ ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல அந்தப் பங்குத் தரகரோட மனைவிதான் அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அவரை எப்படித் திருத்துறதுன்னு அங்க சொல்லித் தர மாட்டாங்க, முதல் ரெண்டு வாரம் அது ஏமாத்தமாக் கூட இருக்கும். கடன் தீர்க்கிறது, முதலாளிக்குப் போன் போட்டுக் காய்ச்சல்னு பொய் சொல்றது, வாந்தியைக் கழுவுறது, இதுல எதை விடலாம்னு யோசிக்க ஒரு இடம். இணையத்துலயும் கூட்டம் இருக்கு, பிள்ளைங்க தூங்கினதும் காதுல மாட்டிக்கிட்டுக் கேட்கலாம்.

அடி உதை இருந்தா அது வேற கணக்கு. கூட்டத்துக்காகக் காத்திருக்காம முதல்ல பத்திரமான இடம்.

---

கிள்ளான்_மருமகள் | 13 பிப்ரவரி, இரவு 9:12

அடிக்க மாட்டாரு மிஸி. பொய் சொல்லி எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கிக் குடுக்கிறது நான்தான். பவுடர் வாங்க மாட்டேன்.

---

மட்டுறுத்துநர் | 14 பிப்ரவரி, காலை 8:00

இந்த இழையிலிருந்து "மறுவாழ்வு இல்லம்" விளம்பரப் பதிவு ஒன்று நீக்கப்பட்டுள்ளது. மாதக் கட்டணம் முன்பணமாகக் கேட்டு, குடும்பத்தார் மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது என்றும் அதில் இருந்தது. தங்கிச் சிகிச்சை பெறும் இடம் தேடுவோர் அங்கே பதிவு பெற்ற மருத்துவர் இருக்கிறாரா, உரிமம் யார் கொடுத்தது, நோயாளி விரும்பினால் வெளியேறலாமா ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஏடிகே என்பது போதைப்பொருளுக்கான அரசு நிறுவனம், மதுவுக்காக அங்கே அலைய வேண்டாம்.

கூட்டங்களில் பார்த்தவர்களின் பெயர், வேலை, ஊர் எதையும் இங்கே எழுத வேண்டாம்.

---

பெயர்_வேணாம் | 14 பிப்ரவரி, இரவு 11:48

எல்லாரும் அண்ணன், வீட்டுக்காரர்னு எழுதுறீங்க. எங்க வீட்டுல குடிக்கிறது நான். பொண்ணு. ஆபீஸ்ல நல்ல வேலை. ராத்திரி பிள்ளை தூங்கினதும் வைன்ல ஆரம்பிச்சது, இப்போ வோட்கா, தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கேன். ஆம்பளை குடிச்சா "பாவம், என்ன கஷ்டமோ"ம்பாங்க. என்னை என்ன சொல்வாங்கன்னு தெரியும். பத்து ஆம்பளைங்க இருக்கிற அறைக்குள்ள நான் எப்படிப் போறது?

---

காப்பி_ஓ_கோசோங் | 15 பிப்ரவரி, காலை 6:30

அக்கா, முதல்ல நீங்க எழுதினதுக்கு நன்றி. நான் போற கூட்டங்கள்ல பெண்கள் உண்டு, ஆனா குறைச்சல்தான், பொய் சொல்ல விரும்பல. போன் பண்ணும்போது "பெண் உறுப்பினர் ஒருத்தர்கிட்ட பேசணும்"னு கேளுங்க. அது சாதாரணமாக் கேட்கிற விஷயம், ஏன்னு கேட்க மாட்டாங்க. படிகள்ல வழிகாட்ட ஸ்பான்சர்னு ஒருத்தரைப் பின்னாடி தேர்ந்தெடுப்போம், பெண்ணுக்குப் பெண்தான் வழக்கம். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் இணையத்துல நிறைய இருக்கு. கேமராவை அணைச்சு, வேற பேர் போட்டு, வெறுமனே கேட்கலாம். ஸ்பான்சர் பண்றேன்னு ஆம்பளை யாராச்சும் முந்திக்கிட்டு வந்தா வேணாம்னு சொல்லிடுங்க. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

---

ராத்திரி_ஷிப்ட் | 15 பிப்ரவரி, காலை 7:10

காலையில நடுக்கம் இருக்கான்னு பார்த்துக்கிங்கம்மா, இருந்தா நான் முதல்ல எழுதினது உங்களுக்கும் பொருந்தும். ராத்திரி மனசு தாங்கலேன்னா பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, எந்த நேரமும். சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. ரெண்டுலயும் பேர் சொல்ல வேண்டியதில்லை.

---

ஜாலான்_ஈப்போ_ஜி | 16 பிப்ரவரி, இரவு 9:00

கூட்டத்தை எல்லாரும் புகழ்றதால எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டு. எனக்கு ஏஏ ஒத்து வரல. "மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள்"னு முதல் படியிலேயே சொல்றாங்க, என்னால அதைச் சொல்ல முடியல. அதே கதையை வாரா வாரம் கேட்கிறதும் எனக்கு அலுப்பு. பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர், நல்ட்ரெக்ஸோன், கவுன்சிலிங்னு போனேன், நின்னுடுச்சு. எல்லாரையும் ஒரே வாசல்ல தள்ளாதீங்க.

---

ராத்திரி_ஷிப்ட் | 16 பிப்ரவரி, இரவு 10:20

சரியாச் சொன்னீங்க, அண்ணே. கூட்டமா மருந்தான்னு சண்டை வேணாம், ரெண்டும் சேர்த்துப் பண்றவங்க நிறைய. ஆதாரம் கேட்கிறவங்களுக்கு: 2020-ல் காக்ரேன்கிற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைப் பார்த்துச்சு. முறையா நடத்தின 12 படி வழி, குடிக்காம இருக்கிற விஷயத்துல மத்தப் பேச்சு வைத்தியங்களை விடக் கொஞ்சம் மேலாகவே வந்துச்சு. சக்தியற்றவர்ங்கிறது பிடிக்காதவங்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரின்னு கடவுள் பேச்சே இல்லாத ஒண்ணும் இருக்கு, இணையத்துல கூட்டம் நடத்துறாங்க.

---

செந்தூல்_தம்பி | 2 மார்ச், இரவு 10:35

எல்லாருக்கும் ஒரு தகவல், நீளமா இருக்கும்.

திங்கட்கிழமை கிளினிக் போனோம். அண்ணன் பாதியாத்தான் சொன்னாரு, நான் பக்கத்துல இருந்து முழுசாச் சொன்னேன், முறைச்சாரு. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வார்டுல சேர்த்துட்டாங்க. ரெண்டாவது நாள் ராத்திரி அவருக்குப் பக்கத்துல இருந்தேன், மிஸி எழுதினது வரிக்கு வரி நடந்துச்சு. வீட்டுல இருந்திருந்தா அம்மா விபூதி பூசிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

வந்ததுக்கப்புறம் ஏஏ-வுக்குப் போன் போட்டோம். எடுத்தவர் தமிழர். அண்ணன் காடிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு அரை மணி நேரம் பேசினாரு, நான் வெளிய நின்னேன். பிஜே பக்கம் ஒரு திறந்த கூட்டம். வாசல் வரைக்கும் வந்துட்டு "இன்னொரு நாள் வரலாம்டா"ன்னாரு. உள்ளேர்ந்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி, காப்பி ஆறிடும்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. என்னமோ தெரியல, அண்ணன் பின்னாடியே போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. திரும்பி வரும்போது, ஒரு சீக்கியர் சொன்ன கதையை முழுசா எனக்குத் திருப்பிச் சொன்னாரு. அப்புறம் "சொல்லக் கூடாதுல்ல"ன்னு நிறுத்திட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு வேற கூட்டம், அது அவருக்குப் பிடிக்கல, இங்கிலீஷ் ரொம்ப வேகம். போன வாரம் ஒரு சொந்தக்காரர் கல்யாண விருந்துல மேசையில பாட்டில் இருந்துச்சு, மாமா ஒருத்தர் "ஒரு கிளாஸ்ல என்னடா ஆகப் போவுது"ன்னு ஊத்தி வச்சாரு. அண்ணன் குடிச்சிட்டாரு. மறுநாள் படுத்தே கிடந்தாரு. இனிமே எந்த மூஞ்சியோட அங்க போறதுன்னு கேட்கிறாரு. என்ன சொல்றது?

---

காப்பி_ஓ_கோசோங் | 2 மார்ச், இரவு 11:15

அதே மூஞ்சியோடதான். குடிச்சிட்டுத் திரும்பி வரவங்களுக்கு அங்க நாற்காலி எடுத்து வைக்க மாட்டோம்னு யாரும் சொன்னதில்லை. அந்தப் போன் எடுத்தவர் நம்பர் அண்ணன்கிட்ட இருக்கா? நாளைக்குக் காலையில அவரைக் கூப்பிட்டு "குடிச்சிட்டேன்"னு சொல்லட்டும். நீங்க கூப்பிடாதீங்க. இது அவர் பண்ண வேண்டிய போன்.

மறுபடி தினமும் குடிக்க ஆரம்பிச்சா, பழையபடி டாக்டர்தான் முதல்ல. ஒரு ராத்திரியோட நின்னதுன்னா நேரா கூட்டம். வேகமான இங்கிலீஷ் கூட்டத்தை விட்டுட்டு அந்தப் பெரியவர் இருக்கிற கூட்டத்துக்கே வாரா வாரம் போகட்டும். நாலஞ்சு கூட்டம் பார்த்துட்டு ஒண்ணைப் பிடிச்சுக்கிறதுதான் எல்லாரும் செய்யறது.

கல்யாண விருந்துக்கு என் வழி: சாப்பாட்டுக்கு முன்னாடி போய் மொய் எழுதிட்டு, மாப்பிள்ளை பொண்ணைப் பார்த்துட்டு, மேசையில உட்காராமக் கிளம்பிடுவேன். உட்கார்ந்தே ஆகணும்னா கையில எப்பவும் ஒரு கிளாஸ் சிராப் (சர்பத்) இருக்கும், காலி கிளாஸைப் பார்த்தாத்தான் நம்ம மாமாக்களுக்குக் கை சும்மா இருக்காது. "டாக்டர் மருந்து சாப்பிடறேன்"னு சொன்னா ஊத்த மாட்டாங்க. "நிறுத்திட்டேன்"னு சொன்னாத்தான் ஊத்துவாங்க.

---

பத்துமலை_படிக்கட்டு | 3 மார்ச், காலை 7:25

தம்பி, அந்த மாமாகிட்ட யாராச்சும் பெரியவங்க பேசணும். சொந்தத்துல ஆள் இல்லேன்னா சொல்லுங்க, நான் வரேன்.

கமிட்டியில மண்டபம் பத்திக் கேட்டேன். செயலாளர் யோசிக்கிறேன்னாரு. மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

---

நிபோங்_திபால் | 5 மார்ச், மாலை 6:40

பினாங்குல இதே மாதிரி இருக்கா? நான் பெருநிலத்துல, நிபோங் திபால் பக்கம். தீவுக்குப் போய் வர முடியுமா, கார் இல்லை, மோட்டோ மட்டும்.

---

பட்டர்வொர்த்_படகு | 5 மார்ச், இரவு 9:05

இருக்கு. பட்டியல்ல பினாங்குன்னு பார்த்துட்டு போன் போடுங்க, பெருநிலம் பக்கம் எதுவும் நடக்குதான்னு முதல்ல அதைக் கேளுங்க, நடந்தா தீவுக்கே போக வேணாம். தீவுன்னா பட்டர்வொர்த் வரைக்கும் மோட்டோவுல வந்து படகு. இப்போ படகுல காடி ஏத்துறதில்லை, ஆளும் மோட்டோவும்தான், அதனால உங்களுக்கு நல்லதாப் போச்சு. திரும்பி வர கடைசிப் படகு எப்போன்னு போகும்போதே பார்த்துக்கிங்க, கூட்டம் முடிஞ்சு வாசல்ல நின்னு பேசுறதுலயே நேரம் போயிடும். தவற விட்டா பாலம், மோட்டோவுக்குன்னு தனிப் பாதை இருக்கு, மழையில மட்டும் காத்து தள்ளும். நான் செபெராங் ஜெயா வழியாத்தான் போறேன். தனியா வர யோசனையா இருந்தா தனிச்செய்தி அனுப்புங்க, முதல் தடவை டோல் பக்கத்துல நின்னு சேர்ந்து போகலாம்.